பனி இல்லாத ஊரில் நாற்காலி லிஃப்ட்

செப்டம்பர் 15, திங்கள்

எட்டு மணிக்கே வெயில். வகுப்பறை ஏ.சி. மறுபடியும் அவுட். இன்றைய பாடம், பனிச்சரிவு எச்சரிக்கைக் கொடிகள். வேர்வை நோட்டில் சொட்டுகிறது. பாடம் எடுப்பவரும் பனியைப் பார்த்ததில்லை, ஃபிரிட்ஜில் தவிர.

பனிச்சறுக்கு ரிசார்ட் மேனேஜ்மென்ட் டிப்ளமோ. ஊரில் யாரிடமும் முழுப்பெயர் சொல்வதில்லை. 'ஓட்டல் கோர்ஸ்' என்று சொல்லிவிடுகிறேன். பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஓட்டல் கோர்ஸா என்று கேட்கிறார்கள். கேட்கட்டும்.

வெள்ளிக்கிழமை வடக்கே இருந்து ரிசார்ட் ஆள் ஒருவர் வருகிறார், தேர்வு வைக்க. இந்தக் குளிர்காலத்துக்கு லிஃப்ட் பிரிவில் ஒரே ஒரு இடம். அது எனக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அப்பாவின் போர்வெல் ரிக் வண்டிதான். ராய்ப்பூர் பக்கம் போர் போட்டுக்கொண்டிருக்கிறார். போனில் சொல்லிவிட்டார்: "தீவாளி வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல வண்டிக்கு வந்து சேரு."

வாங்க: கிரீஸ், இன்சுலேஷன் டேப், கொசுவர்த்தி.

செப்டம்பர் 16, செவ்வாய்

லிஃப்டுக்கு கிரீஸ் போட்டேன். லிஃப்ட் என்றால் எங்கள் பயிற்சி லிஃப்ட். ரிக் வண்டிக்கு பாடி கட்டும் திருச்செங்கோட்டுப் பட்டறையில் செய்தது. இந்தக் கோடிக்கு ஒரு கம்பம், அந்தக் கோடிக்கு ஒரு கம்பம், நடுவில் சுற்றும் இரும்புக் கயிறு, அதில் தொங்கும் நான்கு நாற்காலி. இடுப்பு உயரத்தில் ஏறி, பத்தடி உயரம் போய், திரும்பி வரும். கீழே பனிக்குப் பதில் சோளத்தட்டு.

அந்தக் கோடிக் கம்பத்தில் சென்சார் ஒன்று வைத்திருக்கிறேன். எலக்ட்ரிக் கண். அதை எது மறைத்தாலும் மோட்டார் தானாக நின்றுவிடும், நாற்காலி ஆடிப்போய்க் கம்பத்தில் இடிக்காமல் இருக்க. இந்த இன்ஸ்டிட்யூட்டில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே பொருள். எந்தக் காரணத்துக்கு நின்றாலும் பேனலில் எரிவது ஒரே சிவப்பு விளக்கு. தனித்தனி விளக்கு கேட்டேன். கரெஸ்பாண்டென்ட் 'அடுத்த வருசம் பாக்கலாம்' என்றார். இன்ஸ்டிட்யூட் அவருடையது. முன்பு ரிக் ஓட்டியவர்.

இன்று புது உத்தரவு. வெள்ளிக்கிழமை லிஃப்டுக்குப் பூசை. பெற்றோர் எல்லாரும் வர வேண்டும், தேர்வின்போது நாற்காலியிலும் அவர்கள்தான் உட்கார வேண்டும்.

"சார், ஓடுற மெசின்ல மாலை எல்லாம் போடக் கூடாதுங்க."

"ஏந்தம்பி, மாலை போடாத வண்டி எங்கியாச்சு ஓடி நீ பாத்திருக்கறயா?"

பார்த்ததில்லை. அதுதான் கோபம்.

செப்டம்பர் 17, புதன்

அம்மா சேலம் போய் ஸ்வெட்டர் வாங்கி வந்திருக்கிறார். மெரூன். கூடவே குரங்குக் குல்லா. இன்னும் தேர்வே நடக்கவில்லை என்றேன்.

"கெடச்சுப் போச்சுன்னா அப்பப் போயி தேடறதா சாமி? போட்டுப் பாரு."

போட்டேன். ஃபேன் ஐந்தில். உயிர் போயிற்று.

கோகிலா போன். என்னுடன் படிக்கும் எடப்பாடிக்காரி, கேட்டரிங் முடித்தவள். அந்த ஒரே இடத்துக்கு அவளும் மனு போட்டிருக்கிறாள். சந்தேகம் கேட்டாள்: "ஏனுங்க, எமர்ஜென்சி பட்டன் அமுக்குனா அதுவா திரும்பி வருமுங்களா, இழுக்கோணுங்களா?" மூன்று மாதமாகத் தினமும் பார்க்கும் பட்டன். திருகி இழுக்க வேண்டும் என்றேன். "சரிங்க, டேங்ஸுங்க." இவள் எனக்குப் போட்டியே இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ரிசார்ட்டில் இருந்து வந்தவர் ஐம்பது வயது, ஒல்லி. எல்லாரும் அவரை 'மலை சார்' என்றே கூப்பிட்டோம். தமிழ் தெரியாது. கரெஸ்பாண்டென்ட் மொழிபெயர்ப்பு.

பூசை. தேங்காய், எலுமிச்சை, பூசணிக்காய். அந்தக் கோடிக் கம்பத்தில் அம்மா ஆள் உயரச் சாமந்தி மாலையைக் கட்டினார். சென்சார் கண்ணுக்கு இரண்டடி மேலே கட்டச் சொல்லி நானே காட்டினேன். சரியாகத்தான் கட்டினார், முன்புறம் வராமல் பின்பக்கமாகத் தொங்கவிட்டு.

என் முறை. முதல் நாற்காலியில் அம்மா. புதுச்சேலை. மற்ற மூன்றும் காலி. சுவிட்ச் போட்டேன். அருமையாக ஓடியது. அம்மா அந்தக் கோடியை நெருங்கும்போது நின்றது. சிவப்பு விளக்கு.

ஃபியூஸ் பார்த்தேன். சரி. எமர்ஜென்சி பட்டன், சரி. ரிலே, சரி. மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு ஒயராகப் பிடித்தேன். முதுகுக்குப் பின்னால் சந்தை மாதிரி சத்தம்.

கரெஸ்பாண்டென்ட்: "டைரக்ட் குடு தம்பி! ரெண்டு ஒயர ஒட்டுக்காச் சேத்து வுடு, ஓடிப்போகும்!"

"முடியாதுங்க. ஆள் மேல இருக்கறப்ப தடுப்பைக் கழட்டக் கூடாதுங்க."

இங்கிலீஷிலும் ஒரு தடவை சொன்னேன். மலை சார் தலையசைத்தார். அதைப் பார்த்தேன். இடம் எனக்குத்தான் என்று நினைத்தேன்.

மேலே இருந்து அம்மா: "சாமி... ஏஞ்சாமி, இங்க பாரு..."

"பயப்படாதீங்க, அஞ்சு நிமிசம்."

"பயமில்ல சாமி, இந்த..."

"அம்மா! கொஞ்சம் சும்மா இருங்க!"

இருந்தார். கோகிலா நாற்காலிக்குக் கீழே போய் நின்றுகொண்டாள். இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எந்த ஊரு, எத்தனை பேரு, இந்தச் சேலை எங்கே எடுத்தது. அம்மா சிரிக்கும் சத்தம்கூட வந்தது. எனக்கு எரிச்சல். பிறகு அவள் கத்தினாள்: "ஏனுங்க, அம்மா என்னமோ சொல்றாங்கங்க!"

"குறுக்க பேசாத நீ."

மோட்டாருக்குக் கரண்ட் விடும் காண்டாக்டர் சுவிட்சைக் கழற்றினேன். அதிலும் ஒன்றும் இல்லை. அவள் மறுபடியும்: "கையெடுங்க சதீஷ். பேனல்ல இருந்து கையெடுத்துட்டீங்களா?"

எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் கையில் தொரட்டி. முருங்கைக்காய் பறிக்கக் கொல்லையில் வைத்திருப்பது. அந்தக் கோடிக் கம்பத்தில் மாட்டி இழுத்தாள். சாமந்தி மாலை அவள் தலைமேலேயே விழுந்தது.

கயிறு ஓடிய அதிர்வில் மாலை முன்புறம் சுற்றிக்கொண்டு சரிந்து சென்சார் கண்ணை மூடியிருக்கிறது. நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் இந்தக் கோடிக் கம்பம் மறைக்கும். மேலே உட்கார்ந்திருந்தவருக்கு நேர் எதிரே.

காண்டாக்டரை மாட்டி, மெயின் போட்டேன். ஓடியது. அம்மா இறங்கியதும் எல்லாரும் கைதட்டினார்கள், கோகிலாவுக்கு.

மலை சார் கேட்டது ஒரே கேள்வி. லிஃப்ட் ஏன் நின்றது என்று தெரிந்த ஒரே ஆள் அந்தப் பயணி. அவரிடம் நீ என்ன சொன்னாய்?

கரெஸ்பாண்டென்ட் முந்திக்கொண்டு, அமைதி காக்கும்படி மரியாதையுடன் கேட்டுக்கொண்டான் என்று இங்கிலீஷில் சொன்னார். பொய்யும் இல்லை. 'ங்க' போட்டுத்தானே சொன்னேன்.

செப்டம்பர் 20, சனி

முடிவு. இடம் கோகிலாவுக்கு. பட்டனைத் திருகத் தெரியாதவளுக்கு.

எனக்குத் தனியாக மெயில். இயந்திர அறிவு நன்று. டைரக்ட் கொடுக்க மறுத்தது மிக நன்று. லிஃப்ட் பிரிவுக்கு இப்போது வேண்டாம். விருப்பம் இருந்தால் ஏறுமிடத்தில் உதவியாளர் வேலை தரலாம். ஒரு சீசன் பார்த்துவிட்டுப் பிறகு பேசலாம். திங்கள் மாலைக்குள் பதில்.

ஏறுமிடத்து உதவியாளர் என்றால்: வருகிறவனைக் கைபிடித்து நாற்காலியில் உட்காரவைப்பது. கம்பியை இறக்கிவிடுவது. 'பத்திரம், காலைத் தூக்கிக்கொள்ளுங்கள்' என்பது. நாள் முழுக்க. இதற்கு பி.இ. வேண்டுமா?

அப்பாவுக்குப் போன். "உம் இஷ்டம்" என்றார். அப்படிச் சொன்னால் அவர் இஷ்டம் என்று அர்த்தம்.

அம்மா ஸ்வெட்டரை மடித்து பீரோவில் வைத்துவிட்டார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மழை. கரண்ட் இல்லை. கறி எடுக்கவில்லை, புரட்டாசி. தூங்கினேன்.

செப்டம்பர் 22, திங்கள்

இன்ஸ்டிட்யூட் போனேன். கோகிலா பேனல் முன்னால், ஒவ்வொரு பட்டனாகத் தொட்டு முணுமுணுத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"கோவமுங்களா?"

"ஆமா."

"எம்மேலயுங்களா?"

யோசித்தேன். இல்லை என்று சொல்ல வரவில்லை. ஓட்டிக் காட்டு, நான் உட்காருகிறேன் என்றேன்.

நானே மூன்று மாதம் கிரீஸ் போட்ட நாற்காலி. ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. அந்தக் கோடிக்குப் போகும்போது நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். நிறுத்தினாள்.

பத்தடிதான். கால் தொங்கும்போது அது வேறு பத்தடி. கம்பி சூடு. நாற்காலி தானாக ஆடுகிறது. எதிரே கம்பம், அதில் என் சென்சார், இன்னும் ஒட்டியிருந்த ஒரு சாமந்தி இதழ். கையெட்டும் தூரம் மாதிரி. கீழே பேனல், அதில் குனிந்திருந்த ஒரு முதுகு. அன்று என் முதுகு.

போதும், இறக்கு என்று கூப்பிட்டேன். நிமிரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

"கொஞ்சம் சும்மா இருங்க!" என்றாள், திரும்பாமலே. தோள் குலுங்கியது. சிரிக்கிறாள், கழுதை.

கால் மணி நேரம் கழித்துத்தான் இறக்கினாள். எமர்ஜென்சி பட்டனை அமுக்கிவிட்டு, திருகாமல் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நாலரைக்கு மெயில் போட்டேன். ஒரே வரி. வருகிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். லிஃப்ட் ஓட்டுகிற வேலை இல்லை, வருகிறவர்களை உட்காரவைக்கும் வேலை என்று. அம்மா பீரோவைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்தார். உதறினார். மறுபடி மடித்தார்.

"உக்கார வர்றவங்கெல்லாம் பேசுவாங்களே சாமி. பரவால்லியா?"