பத்தமடை தாண்டும்வரை சீகுங்

ஜூன் 12, வியாழன்

விடியும்போதே மேல்காற்று. மொட்டைமாடிக் கொடியில் துணி நிற்கவில்லை.

திங்களன்று அம்பாசமுத்திரம் கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர வேண்டும். போன வாரம் சான்றிதழ்களைக் காட்டப் போனபோது பேருந்தில் நெரிசல். படபடப்பு, மூச்சு முட்டல். பாதி வழியில், பத்தமடையிலேயே இறங்கிவிட்டேன். அப்பா ஸ்கூட்டரில் வந்து கல்லூரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒன்றுமில்லை, பதற்றம்தான், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்றார்.

அம்மாவின் தீர்ப்பு: "இன்னொரு மட்டம் அப்படி வந்துச்சுன்னா வேலயும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். பேசாம வீட்டோட இரிட்டி."

வீட்டோடு இருக்கப் போவதில்லை.

உட்கார்ந்தும் படுத்தும் செய்கிற பயிற்சிகள் எனக்கு உதவா. அந்தப் பேருந்தில் உட்கார இடம் கிடைப்பதில்லை. சீகுங் என்ற சீன மூச்சுப் பயிற்சி நின்றபடியே செய்வது. அதனால் அது. வீடியோவில் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண் சொல்லித்தருகிறாள். குறித்துக்கொண்டவை:

பாதங்கள் தோள் அகலத்தில். முழங்கால் இளக்கமாக. தோள் தொங்கட்டும். நாக்கு நுனி மேலண்ணத்தில். கைகள் பெரிய பானையை அணைத்தாற்போல். மூச்சைப் பிடிக்காதே, தள்ளாதே. தானாக அடிவயிறுவரை இறங்கட்டும்.

அவ்வளவுதான். நிற்க வேண்டும். தொடை நடுங்குகிறது.

பக்கத்து மாடியில் வற்றல் காயப்போட வந்த சங்கரி மதினி: "ஏளா, வெறும் காத்தையா கெட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்க? மாப்பிள்ள பாக்கச் சொல்லட்டா?"

"மொதல்ல காத்து ஒழுங்கா உள்ள வருதான்னு பாக்கேன் மதினி."

ஜூன் 13, வெள்ளி

லேசான சாரல். மாடியில் நனைந்துகொண்டே நின்றேன், நைட்டியோடு. இன்று மூச்சு இறங்கியது. அடிவயிறு பைய உப்பி, பைய அமர்ந்தது. உள்ளங்கையில் இளஞ்சூடு.

'சீ' என்பதற்குப் பிராணன், உயிராற்றல் என்றெல்லாம் படித்திருக்கிறேன். நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சூடு இருந்தது. அதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

அப்பா காபி டம்ளருடன் படியேறி வந்து கொஞ்சநேரம் பார்த்தார். "சும்மா நிக்கதுக்கும் சீனாக்காரன் ஒரு வித்த வச்சிருக்கானே! எங்க ஆபீஸ்ல பாதிப்பேரு சர்வீஸ் பூரா இதத்தான் செஞ்சாங்க."

சிரித்ததில் நாக்கு மேலண்ணத்திலிருந்து விழுந்துவிட்டது.

வாங்க வேண்டியவை: குடை, டிபன் பாக்ஸ், ஊக்கு.

ஜூன் 14, சனி

ஒத்திகை. கல்லூரிக்குச் சேலைதான். அதனால் சேலை கட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். கம்பியைப் பிடித்து, முழங்காலை இளக்கி, எல்லாம் சரியாகவே செய்தேன். மூச்சு மட்டும் இறங்கவில்லை. நெஞ்சோடு நின்றது. பிறகு கழுத்துக்கு ஏறிற்று. கை சில்லிட்டது. மேலப்பாளையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து வீடு.

நேற்று வந்தது இன்று எங்கே போயிற்று? அழுகை வரவில்லை. கோபம்தான்.

சேலையை அவிழ்த்தபோது தெரிந்தது. இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். பாவாடை நாடாத் தடம், விரல் வைத்தால் பதிகிற ஆழம். மூச்சு அடிவயிற்றுக்குப் போக நான் எங்கே வழி விட்டிருக்கிறேன்? வயிற்றை எக்கி, நாடாவை இழுத்து முடிந்து, அதற்குமேல் கொசுவத்தையும் செருகி!

முதல் சேலையிலிருந்து இப்படித்தான். சீனத்தில் இதைக் கண்டுபிடித்தவர்கள் பாவாடை கட்டியிருக்க மாட்டார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

வெயிலும் சாரலும் மாறி மாறி.

பாவாடையில் நாடாவை உருவிவிட்டு, நாலு விரல் அகலத்துக்குத் துணிப்பட்டி வைத்துத் தைத்தேன். தொப்புளுக்குக் கீழே கட்டுகிற மாதிரி. பக்கவாட்டில் கொக்கி.

அம்மா: "இறுக்கிக் கெட்டலன்னா நடுரோட்டுல அவுந்துரும்ளா. மானம் போயிரும்."

"மூச்சு போனா?"

அம்மா தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்குகளைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "நாலு பக்கமும் குத்திக்கோ."

மாலை சேலையோடு மாடியில் நின்றேன். வயிறு அசைகிறது. பக்கத்து மாடியிலிருந்து பார்த்த மதினி தானும் ஒருதரம் தோளைத் தொங்கவிட்டாள்.

ஜூன் 16, திங்கள். மதியம், நூலகத்தில்

உட்கார இடமில்லை. நடுவில் நின்றேன். பாதம், முழங்கால், தோள், நாக்கு.

முன்னீர்பள்ளம் வரை ஒன்றுமில்லை. பிறகு கூட்டம் ஏறியது, படபடப்பும் ஏறியது. விரட்டவில்லை. வயிறு உப்ப, அமர, உப்ப, அமர. பத்தமடை நிறுத்தம் ஜன்னலில் வந்தது. கால் வாசல் பக்கம் திரும்பியதை உணர்ந்தேன். திருப்பி வைத்தேன்.

கண்டக்டர் விசில் அடித்தார். பத்தமடை பின்னால் போனது.

பக்கத்தில் பூக்கூடை வைத்திருந்த அம்மாள்: "என்னம்மா, கம்பியப் பிடிக்காம ஆடி ஆடி நிக்கிய? விழுந்துராதிய."

"விழமாட்டேன், சித்தி."

வீரவநல்லூரில் ஓர் இடம் காலியானது. அந்த அம்மாளை உட்காரச் சொன்னேன். கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது படபடப்பு இன்னும் கொஞ்சம் இருந்தது. அதுவும் என்னோடு அம்பாசமுத்திரம் வந்து இறங்கியது.

சேர்ந்துவிட்டேன். ஓர் ஊக்கு மட்டும் வழியில் எங்கோ விழுந்திருக்கிறது. திரும்பும் பேருந்து ஐந்து மணிக்கு. அதிலும் நின்றுகொண்டே போவேன்.