அரெட்டியின் மாற்று கிளிப்

தெசலோனிக்கி,
மார்ச் 9.

அன்புள்ள அரெட்டி,

நலம்தானே? மெல்போர்னில் வெயில் தணிந்திருக்கும். இங்கே குளிர் போன பாடில்லை. பதினோரு வருஷமாகப் பிறந்தநாள் வாழ்த்தைத் தவிர எதுவும் எழுதாதவள் திடீரென்று கடிதம் போடுகிறாளே என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

நம் நீச்சல் குளத்துக்குப் புதுக் கூரை போட்டாயிற்று. டோம்னா டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். தண்ணீருக்கடியில் நமக்குக் கேட்கும்படி ஏணிக் கம்பியில் கரண்டியால் தட்டித் தாளம் போடுவாரே, அந்தக் கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் இடத்துக்கு நீ விண்ணப்பித்திருக்கிறாய். தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை கூட்டம். உன் பெயர் வந்ததுமே தலைவர் உதட்டைப் பிதுக்கினார். ஒலிம்பிக் ஜோடி நீச்சல் நடன இறுதிப் போட்டியில் பாதியிலேயே மூச்சு முட்டி மேலே வந்தவள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பாள் என்றார். பழைய வீடியோவையும் போட்டுக் காட்டினார். நமக்கு நாலாவது இடம். அதோடு உன்னை அணியிலிருந்து நீக்கினார்கள், நீ ஆஸ்திரேலியா போனாய். எனக்கு வேறு ஜோடி கொடுத்தார்கள். அடுத்த ஒலிம்பிக்கில் வெண்கலமும் கிடைத்தது.

நம் வழக்கம் உனக்குத் தெரியாததா? தண்ணீர் ஏறாமலிருக்க மூக்கில் ஒரு கிளிப், நீச்சல் உடைக்குள் மாற்று ஒன்று. அன்றைக்கு நான் கண்ணாடி முன் நின்று தண்ணீரில் முடி கலையாமலிருக்க ஜெலட்டின் பூசிப் பூசி மினுக்கிக்கொண்டிருந்ததில் மாற்றை மறந்தேன். தலைகீழாக இருக்கும்போது என் கிளிப் கழன்றது. நீ உன் மாற்றை என் கையில் திணித்தாய். அடுத்த சுற்றிலேயே என் கால் பட்டு உன் மூக்கில் இருந்ததும் போனது. உன்னிடம் வேறு இல்லை. வீடியோவில் நீ இருமுவது மட்டும்தான் தெரிகிறது. விசாரித்தபோது நீ வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. நீ ஏன் என்று எனக்குத் தெரியாது. நான் பயந்தேன், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை எழுந்து நின்று, "தப்பு பண்ணினது அவ இல்ல, நான்தான்" என்றேன். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருஷம் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது என்று தலைவர் கேட்டார். குழுவிலிருந்து விலகச் சொன்னார்கள், விலகிவிட்டேன். உன்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த வாரம் உனக்குத் தகவல் வரும்.

வேலையை ஏற்பதும் மறுப்பதும் உன் விருப்பம். என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று நினைத்தால் கரண்டியைக் குளத்துக் காவலாளியிடம் கொடுத்து வைக்கிறேன். ஆனால் உன் கிளிப் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதைக் காவலாளியிடம் கொடுக்க மாட்டேன், தபாலிலும் அனுப்ப மாட்டேன். நீயே வந்து வாங்கிக்கொள்ளடி.

நன்றாயிரு.

அசிமினா