குளம் என்று எழுதிய தெரு

மார்ச் 4
அவர் போய் இன்றோடு நாற்பத்தாறு நாள். வேலைக்குச் சேர்ந்து நாலு நாள். இரண்டு அறை, ஒரு கூடம். பெருக்கித் துடைத்து, இரண்டு வேளை டீ போட வேண்டும். ஆறு பேர் கம்ப்யூட்டர் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். செயற்கைக்கோள் வானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து, சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் வந்தபின் நகரத்து நிலம் எப்படி மாறியது என்று பார்க்கிறார்களாம். எங்கள் தெருவும் மண்டலத்துக்காகத்தான் போனது என்று நான் சொல்லவில்லை. வேலைக்கு வந்த இடத்தில் எதற்கு?

மார்ச் 9
லீவு சொல்லிவிட்டு மறுகுடியேற்ற அலுவலகம் போனேன். இடிபட்ட தெருக்காரர்களுக்கு மாற்று வீடு தருகிறார்கள். பட்டியலில் எங்கள் தெருவே இல்லை. இரண்டு வருடம் அவர் அலைந்தது இதற்குத்தான். இப்போது என் முறை. பட்டியல் போடுகிற ஐயா வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். "இங்க பாரும்மா, நீ சொல்ற இடத்துல குளம்தான் இருக்கு. குளத்துல குடியிருந்தீங்களா? தவளைக் குடும்பமா?" பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார்.
மே கடைசியில் பட்டியலை மூடிவிடுவார்களாம்.
அவரிடமும் இப்படித்தான் கேட்டிருப்பார்களோ? வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லையே, மனுஷன்.

மார்ச் 10
எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 17
மேசை துடைக்கும்போது கண்ணில் பட்டுவிட்டது. படக்காரப் பொண்ணு (மனதுக்குள் அப்படித்தான் கூப்பிடுகிறேன், பெரிய படிப்பு, சின்ன வயது) திரையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். ரயில் பாதை வளைவு, தண்ணீர் டேங்க், நடுவில் நீளமாக ஒரு நீலம். என்னவென்று கேட்டேன்.
"குளம்க்கா. மண்டலம் வந்தப்ப தூர்த்துட்டாங்க."
"அது குளம் இல்ல பாப்பா. எங்க தெரு."
"கம்ப்யூட்டர் நிறத்தை வச்சுத்தான் பிரிக்குது. தண்ணின்னு சொல்லுதே?"
சொல்லாதா பின்னே? புயலுக்கு மறுவாரம் வீட்டுக்கு வீடு நீலத் தார்ப்பாய் கொடுத்தார்கள். தகரம் பறந்த கூரையெல்லாம் அதுதான். ஆறு மாதத்துக்கென்று கொடுத்தது ஆறு வருடம் உழைத்தது, இடிக்கிற வரைக்கும். இதையும், மறுகுடியேற்ற அலுவலகத்தில் குளம் என்று வரைபடம் காட்டியதையும் சொன்னேன். அவள் மெதுவாக, "அந்த ஆபீஸ்ல இருக்கற மேப்பு எங்ககிட்ட வாங்கினதுதான்க்கா" என்றாள்.

மார்ச் 18
நாத்தனார் வீட்டில்தான் இருக்கிறேன். நடந்ததை நேற்று ராத்திரி அவளிடம் சொன்னேன். "டீ போடப் போன எடத்துல படிச்சவங்களுக்குப் பாடம் எடுத்தீங்களா அண்ணி? நாளைக்கு வேலை இருக்கான்னு கேட்டுட்டுப் போங்க."
வேலை இருந்தது.

மார்ச் 24
அங்கே பெரியவர் ஒருவர் இருக்கிறார், மற்றவர்களுக்கெல்லாம் தலைமை. "ஒருத்தர் சொன்னாங்கன்னு மாத்த முடியாதும்மா. படம் சொல்லணும்." கோபமாகச் சொல்லவில்லை.
டீயை வைத்துவிட்டுக் கேட்டேன்: "கோடையில எல்லாக் குளமும் வத்துமே. இது வத்துதா பாருங்க."
பத்து வருடப் படங்களை வரிசையாகப் போட்டார்கள். மற்றக் குளமெல்லாம் கோடையில் சுருங்கி, மழைக்கு விரிகிறது. எங்களுடையது ஒரு விரற்கடை குறையவில்லை. புயலுக்கு முந்தின மாதம் அது இல்லவே இல்லை, மறுமாதம் முழுசாக நிற்கிறது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரே மாசத்துல இவ்வளவு பெரிய குளத்தை எவன் வெட்டினான்? இத்தனை நாளா இதைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம்!" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மார்ச் 25
எந்த நேரத்தில் எடுத்த படங்கள் என்று சும்மாதான் கேட்டேன். "எல்லாமே காலையில பத்தரை வாக்குலக்கா. அந்தக் கோள் தினம் வராது. வர்ற அன்னைக்கு அதே நேரந்தான்."
அவர் ராத்திரிக் காவல் வேலை முடிந்து ஏழரைக்கு வருவார். பத்தரைக்கு நல்ல தூக்கம்.
எல்லாப் படத்துலயும் இருக்காரு. அந்த நீலத்துக்கு அடியில — ஆறு வருசமும். ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு. நான் குழாயடியில சண்டை போட்டுக்கிட்டு நின்னிருப்பேன். பத்தடி தூரம். போய் எழுப்பியிருக்கலாமே? எதுக்குன்னு எழுப்புறது?
இன்று டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். ஒருவரும் சொல்லிக்காட்டவில்லை.

ஏப்ரல் 11
இன்னும் துல்லியமான பழைய படம் ஒன்று வரவழைத்தார்கள். படக்காரப் பொண்ணும் நானும் கூரைகளை எண்ணினோம். நூற்றுப் பதினெட்டு. ஒரே தார்ப்பாய்க்கு அடியில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமாக இருந்த இடம் மூன்று. வானத்திலிருந்து பார்த்தால் அது தெரியாது. நான் சொன்னேன், அவள் குறித்துக்கொண்டாள். மண்டலம் எடுத்தது தரிசும் குளமும் என்றிருந்த அறிக்கையை மாற்றி, குடியிருப்பு என்று எழுதுகிறார்கள்.

மே 6
பெரியவர் கொடுத்த கடிதமும் புது வரைபடமும் கொண்டுபோனேன். பட்டியல் ஐயா இரண்டு தடவை படித்தார். "இதை முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"
வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். பேசினால் மே முடிந்துவிடும்.

மே 22
தெருவுக்கே விண்ணப்பம் எழுதினார்கள். எங்கள் சனம் வாசல் வரை நின்றது. நாத்தனாரும் துணைக்கு வந்தாள். என் முறை வந்தது.
"குடும்பத் தலைவர்?"
அவர் பெயரைச் சொன்னேன்.
"வந்திருக்காரா?"
"இல்ல. தவறிட்டாரு."
பேனா நின்றது. நாத்தனார் முந்திக்கொண்டாள். "அண்ணன் பேரே இருக்கட்டும் சார். அலைஞ்சது அவருதானே?"
நியாயம்தான். ஆனால் சாவி கொடுக்க அந்தப் பெயரைக் கூப்பிடும்போது, எழுந்து போவது யார்?
"என் பேரை எழுதுங்க" என்றேன்.
எழுதினார். கையெழுத்துப் போட்டேன். நாத்தனார் வழியெல்லாம் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.
"சரி தலைவி, இன்னைக்கு யாரு சமைக்கிறது?"
நான்தான் சமைத்தேன்.