அம்மா மறைத்த நான்கு வயது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும். நான் சுகம் என்று தயங்காமல் எழுதலாம், அம்மாவையும் சேர்த்து எழுதத்தான் கை ஓடவில்லை. வைரஸ் காய்ச்சல் நுரையீரலுக்கு இறங்கி ஆஸ்பத்திரியில் இன்றோடு ஆறு நாள். துணைக்கு வந்த என்னையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள், டாக்டர் சொல்லும்வரை வெளியே போகக்கூடாதாம். சன்னலைத் திறக்க முடியாது, வாசலில் காவல்காரர், கட்டிலிலிருந்து கழிவறைக்குப் பதினாலு அடி, நடந்து நடந்து அளந்தாகிவிட்டது. போனில் சொல்ல ஆரம்பித்தால் குரல் உடைந்துவிடும், அதனால்தான் கடிதம். நர்ஸ் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

இங்கே ஒரு தாள் வைத்திருக்கிறார்கள் கண்ணு. மூச்சு வேகமானால் ஒரு புள்ளி, ரத்த அழுத்தம் இறங்கினால் ஒன்று, நினைவு தடுமாறினால் ஒன்று, ரத்தத்தில் யூரியா ஏறினால் ஒன்று, வயது அறுபத்தைந்தைத் தாண்டினால் ஒன்று. கூட்டிப் பார்த்து யார் உயிருக்கு ஆபத்து என்று கணிக்கிறார்கள். மூன்று வந்தால் தீவிர சிகிச்சை அறை. காலையில் அம்மாவுக்கு இரண்டு. வயது அறுபத்திரண்டு என்று போட்டிருந்தது.

அந்த அறுபத்திரண்டு பொய். கல்யாணப் பேச்சில் உன் தாத்தா நாலு வயதைக் குறைத்துச் சொல்ல, எல்லாக் காகிதத்திலும் அப்படியே ஏறிவிட்டது. நிஜத்தில் அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். நீ வயிற்றில் இருந்தபோது அழுதுகொண்டே சொன்னாள், யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

நான் தாளையே முறைத்துப் பார்த்ததைக் கண்டுபிடித்துவிட்டாள். மாஸ்க்கை விலக்கி, வாயைத் திறந்தீங்கன்னா ஜென்மத்துக்கும் உங்களோட பேசமாட்டேன், அந்த அறைக்குப் போனவங்க யாரு திரும்பி வந்தாங்க என்று கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சொன்னால் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள். சொல்லாவிட்டால் பக்கத்திலேயே உட்கார்ந்து அவளைச் சாகவிட்டவன் ஆவேன். எழுந்து ஓடலாம் என்றால் அதற்கும் பதினாலு அடிதான். இந்த நிலைமையிலும் வயசுக்கு இப்படி ஒரு வீம்பு, என்ன மனுஷியோ!

மத்தியானம் அவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து டாக்டரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு மூன்றானது. பத்து நிமிடத்தில் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். விழித்து என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கட்டில் கிடந்த காலி இடத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நான் செய்தது சரிதானா என்று எனக்கே தெரியவில்லை மகளே.

நேரத்துக்குச் சாப்பிடு. விழுந்தடித்துக்கொண்டு கிளம்பாதே, வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். நீங்கள் இருவரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அவள் பிழைத்து வந்து என்னோடு பேசாமலே இருக்கட்டும், எனக்கு அது போதும். ஒன்றை மறந்துவிடாதே. வருகிற மாதம் அவளுக்குப் பிறந்தநாள், உனக்கு எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, அறுபத்து மூன்று என்றே வாழ்த்து.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா