அரசர் தொடாத வருடங்கள்

பிப்ரவரி 23, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு மாடி ஏறி வந்து எண்ணிப் பார்த்தேன். நேற்று என் முன்னறையில் இருபத்தாறு பேர் காத்திருந்தார்கள். இன்று ஒன்பது பேர். நான்கு வருடமாக இதே கதைதான். தவக்காலம் பிறந்ததும் வெர்சாய் அரண்மனைக்கு என் மேலுள்ள பக்தி குறைந்துவிடும். ஈஸ்டருக்கு அரசர் நற்கருணை அப்பம் வாங்குவாரா, அதற்காக என்னை வெளியே அனுப்புவாரா என்று நாற்பது நாளும் பந்தயம் கட்டுவார்கள். நான் அரசரின் ஆசைநாயகியாக இந்த மாடியில் இருக்கும்வரை அவருடைய குரு பாவமன்னிப்புத் தரமாட்டார். மன்னிப்பு இல்லாவிட்டால் நற்கருணையும் இல்லை. நான்கு ஈஸ்டர் வந்து போய்விட்டன. நான் இருக்கிறேன்.

இன்றைய பிரசங்கத்தில் தாவீது அரசன் அடுத்தவன் மனைவி பத்சேபாளை ஆசையோடு பார்த்த கதை. பிரசங்கி என் பக்கம் திரும்பவே இல்லை. மற்ற எல்லோரும் திரும்பினார்கள். சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 28

வேட்டை முடிந்து அரசர் உள்படிக்கட்டு வழியாக வந்தார். சேற்றுக் காலோடு என் சாய்விருக்கையில் படுத்துக்கொண்டார். வழியில் ஒரு சவ ஊர்வலத்தைப் பார்த்தாராம். குதிரையை நிறுத்தி, செத்தவனுக்கு என்ன வயது என்று விசாரித்தாராம். நாற்பத்தொன்று. "என் வயசு," என்றார்.

ஒரு சீமாட்டியின் பொய்க்கொண்டை சூப்பில் விழுந்த கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அதுதானே என் வேலை? ஆனால் அலுத்துவிட்டது. எனக்கு யார் கதை சொல்வது?

மார்ச் 6

கிளோத்தில்து அக்காவிடமிருந்து கடிதம். நான் இங்கே வந்த நாளிலிருந்து அவள் ஒரு வரி எழுதியதில்லை. நான் அனுப்பிய கடிதமெல்லாம் அவள் ஊரான ஷார்த்ருக்குப் போய் முத்திரை உடையாமல் திரும்பி வந்தன. இப்போது தானாக எழுதியிருக்கிறாள். அவள் மகள் பெரினுக்குக் கண்டமாலை. கழுத்தில் மூன்று கட்டிகள், ஒன்று உடைந்து ஒழுகுகிறதாம். குழந்தைக்கு ஆறு வயது.

கடைசி வரியை அப்படியே எழுதி வைக்கிறேன். "உன்னிடம் எதுவும் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். இந்த ஈஸ்டருக்காவது அரசர் நோயாளிகளைத் தொடும்படி செய்."

கண்டமாலையை அரசரின் கை குணமாக்கும். முடிசூட்டிய நாளில் பூசிய தைலத்தின் அருள் அது. ஆனால் நற்கருணை வாங்கிய பிறகுதான் தொடலாம். நான்கு வருடமாக அவர் வாங்கவில்லை, தொடவும் இல்லை. பெருவிழா தோறும் நடந்தே வந்த நோயாளிகளை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். ஏன் என்று அவர்களுக்கும் தெரியும்.

அக்கா கேட்பது என்ன என்று அக்காவுக்குப் புரிகிறதா? நன்றாகப் புரிகிறது. அவள் என்னைப் போகச் சொல்கிறாள்.

மார்ச் 7

பதில் எழுதவில்லை.

மார்ச் 12

அரண்மனை மருத்துவரை ஷார்த்ருக்கு அனுப்பினேன். அக்கா வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டாளாம். திமிர். குழந்தையின் கழுத்து ஒழுகும்போதுகூட அந்தத் திமிர் இறங்கவில்லை.

மருத்துவர் கதவிடுக்கு வழியாகப் பெரினைப் பார்த்திருக்கிறார். இன்னும் ஒரு கட்டி உடைந்தால் கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்கிறார். கத்தி வைத்தால் பிழைக்குமா என்று கேட்டேன். சில பேர் பிழைப்பார்கள் என்றார்.

மார்ச் 15

அரசரிடமே கேட்டுவிட்டேன். நல்ல மனநிலையில் இருந்தார், தானே காப்பி கலந்துகொண்டிருந்தார். சடங்கு எதுவும் வேண்டாம், யாருக்கும் தெரிய வேண்டாம், குழந்தையை உள்படிக்கட்டு வழியாகக் கொண்டுவருகிறேன், ஒரே ஒரு தடவை கழுத்தில் கை வைத்தால் போதும் என்று கெஞ்சினேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"பாவத்தோட தொட்டா இது வெறும் கை, சிதோனி. குழந்தை கெட்டுப்போனா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

ஊரில் பாதிப் பேர் அந்தக் கையைக் கட்டுக்கதை என்கிறார்கள். இங்கே இரவல் புத்தகங்களைப் படித்துவிட்டு நானும்கூட அப்படித்தான் பேசியிருக்கிறேன். அவர் மட்டும் முழுக்க நம்புகிறார். நம்பிக்கொண்டேதான் நான்கு வருடமாக இந்தப் படிக்கட்டில் ஏறி வந்திருக்கிறார். அதில் நான் பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா?

பெருமைதான் பட்டேன். முதலில் அதுதான் வந்தது. எழுதவே கூசுகிறது.

மார்ச் 20

கோயிலிலிருந்து வரும் வழியில் வாசல் கம்பிக்கு வெளியே ஒரு கூட்டம். எல்லோர் கழுத்திலும் துணிக்கட்டு. இந்த வருடம் அரசர் தொடப்போகிறார் என்று யாரோ கிளப்பிவிட்ட புரளியை நம்பி வந்தவர்கள். என் வண்டியைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டார்கள். திட்டியிருந்தால் தேவலை. ஒரு பெண்பிள்ளை மட்டும், பக்கத்தில் நின்றவளிடம் சொல்வதுபோல், எனக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"இவதான். ராசா கையைப் பிடிச்சு வச்சிருக்கிறவ."

மார்ச் 23

ஒன்றும் ஓடவில்லை. மூன்று தடவை உடை மாற்றினேன். சீட்டாட்டத்தில் என் கையில் என்ன சீட்டு என்றே பார்க்காமல் ஆடினேன், ஜெயித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

மார்ச் 29

அரசரின் குருவை நானே வரவழைத்தேன். எலும்பும் தோலுமான கிழவர், என் அறையில் உட்கார மாட்டேன் என்றார், நின்றுகொண்டே பேசினார். ஈஸ்டருக்கு நான் ஒதுங்கிக்கொண்டால் போதுமா என்று கேட்டேன். குருத்து ஞாயிறு முதல் எட்டு நாள், அரண்மனைக்கு வெளியே. போதும் என்றார். அதற்குப் பிறகு என்று இழுத்தேன். அதற்குப் பிறகு நடப்பது அரசருக்கும் ஆண்டவருக்கும் இடையில் என்றார்.

முன்பெல்லாம் இப்படி நடந்திருக்கிறதாம். எட்டு நாள் போய்விட்டுத் திரும்பி வந்த சீமாட்டிகள் உண்டாம். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

என் அறைப்பெண் மர்த்தினிடம் சொன்னேன். எனக்கு முன்னால் இதே அறைகளில் இருந்த இரண்டு பேருக்கும் இவள்தான் தலை வாரியவள். சீப்பை நிறுத்தவே இல்லை.

"திரும்பி வந்தவங்க இருக்கலாம்மா. நான் யாரையும் பார்த்ததில்லை."

ஏப்ரல் 1

போவதில்லை என்று முடிவு செய்தேன். ஷார்த்ரில் எத்தனையோ குழந்தைகளுக்குக் கண்டமாலை. அத்தனைக்கும் நானா பொறுப்பு? அக்கா என்னை ஒரு தடவையாவது தங்கை என்று கூப்பிட்டாளா?

மாலைக்குள் முடிவு மாறிவிட்டது. சே, என்ன பிழைப்பு இது.

ஏப்ரல் 2

அரசரிடம் சொல்லிவிட்டேன். உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்.

அவர் மறுப்பார் என்றுதான் நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, நீ போகக் கூடாது என்பார், நான் அழுவேன், இருவரும் சேர்ந்து அழுவோம், கடைசியில் நான்தான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிளம்புவேன் - இதையெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

சொல்லி முடித்ததும் அவர் ஒரு பெருமூச்சு விட்டார். இறுக்கமான காலணியைக் கழற்றிப் போட்டவர் விடும் மூச்சு. தோள் இரண்டும் கீழே இறங்கின.

"எட்டு நாள்தானே," என்றார்.

ஏன் போகிறாய் என்று கேட்கவில்லை. குழந்தையின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. போகும்போது என் நெற்றியில் முத்தமிட்டார், படிக்கட்டில் அவர் காலடி வேகமாக இறங்கியது. இவ்வளவு நாளும் நான் அவரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன் என்றல்லவா நினைத்தேன்? அவர் நடுங்கிக்கொண்டே சிரித்திருக்கிறார்.

ஏப்ரல் 4

நேற்று கிளம்பினேன். வெர்சாய் ஊருக்குள்ளேயே, மீன்காரத் தெருவுக்குப் பின்னால் வாடகைக்கு இரண்டு அறை. அக்காவை வரச்சொல்லி முன்பே ஆள் அனுப்பியிருந்தேன், இன்று பெரினோடு வந்து சேர்ந்தாள். வண்டியில் வரும்போதே அவளுக்குக் குளிர்காய்ச்சல். நிற்கக்கூட முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எளைச்சுட்டியேடி," என்றாள்.

நான்கு வருடத்துக்கு அவ்வளவுதான். நான் உள்ளே போய் அழுதேன்.

ஏப்ரல் 6

பெரின் வாயாடி. கழுத்துக்கட்டை அவிழ்க்க விடமாட்டாள், அவிழ்த்தால் கூரை இடிய அலறுவாள், கட்டி முடித்ததும் சிரிப்பாள். ராஜாவுக்குத் தாடி உண்டா, ராஜா என்ன சாப்பிடுவார், ராஜாவை நீ பார்த்திருக்கியா சித்தி என்று ஓயாமல் கேட்கிறாள். பார்த்திருக்கிறேன் என்றேன். தூரத்திலிருந்தா பக்கத்திலிருந்தா என்றாள். அக்கா கம்பளிக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 9, பெரிய சனி

காலைப் பூசையில் அரசர் நற்கருணை வாங்கினார். கோயில் மணி ஊரெல்லாம் கேட்டது. தெருவில் சனங்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அக்காவால் எழுந்திருக்க முடியவில்லை. நான்தான் பெரினைக் கூட்டிப் போனேன், அக்காவின் சாம்பல் நிறப் பாவாடை, தலையில் வெள்ளைத்துணி, முகத்தில் மாவுப்பூச்சு இல்லை. தோட்டத்தின் நடைபாதையில் இரண்டு வரிசையாக மண்டியிட வைத்தார்கள். அறுநூறு பேருக்குமேல் இருக்கும். சீழ் நாற்றம் தாங்கவில்லை. நான்கு வருடமாகத் தேங்கி நின்ற கூட்டம் இது என்று நினைத்தபோது தலையை நிமிர்த்த முடியவில்லை.

அவர் வந்தார். பின்னாலிருந்து மருத்துவர் ஒவ்வொரு தலையாகப் பிடித்து நிமிர்த்தினார், ஷார்த்ருக்கு நான் அனுப்பிய அதே மருத்துவர். என்னைக் கண்டு ஒரு கணம் தயங்கினார். அரசரின் விரல் பெரினின் நெற்றியிலிருந்து தாடைக்கு இறங்கியது, பிறகு கன்னத்திலிருந்து கன்னத்துக்குப் போனது. "அரசர் உன்னைத் தொடுகிறார், கடவுள் உன்னைக் குணமாக்குவாராக." பெரின் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

அடுத்தது நான். என்னைத் தாண்டிப் போவார் என்று தலை குனிந்தேன். மருத்துவரின் கை பழக்கத்தில் என் தலையையும் நிமிர்த்திவிட்டது.

என் நெற்றி, தாடை, இரண்டு கன்னம். அதே வார்த்தை, அதே குரல். அவர் கண் அதற்குள் அடுத்த ஆளின் தலைக்குப் போயிருந்தது.

தெரிந்து தொட்டாரா? தெரியாமலா? வரிசையின் கடைசியில் அவர் கைக்கு மூன்று துண்டு நீட்டினார்கள். முதலில் காடியில் நனைத்தது, பிறகு தண்ணீரில், பிறகு ஆரஞ்சுப்பூ நீரில். மூன்றாலும் விரல் விரலாக நிதானமாகத் துடைத்தார்.

அந்தக் கை எனக்குத் தெரியும். ஆனால் இன்று அது வேறு யாருடையதோ போல் இருந்தது. அத்தனை பேருக்கும் அருள் செய்த கை. எனக்கும் ஒரு பங்கு. பங்கு! எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

ஏப்ரல் 18

எட்டு நாள் போன வாரமே முடிந்தது - எண்ணத் தெரியாதவர்களுக்குக்கூட முடிந்திருக்கும். வண்டி வரவில்லை.

ஏப்ரல் 21

வண்டி வந்தது. என் பெட்டிகள் ஏழும் இருந்தன, மேலே மர்த்தின் உட்கார்ந்திருந்தாள். ஷார்த்ர் பக்கம் போய் ஓய்வெடுத்துக்கொள்ளும்படி ஒரு செயலரின் கையெழுத்தில் ஒரு தாள். அறைகளில் தச்சர்கள் வேலை செய்கிறார்களாம். யாருக்காக என்று கேட்டேன்.

"பேர் இன்னும் வெளிய வரலைம்மா. ஆனா கட்டில் திரை நீலம் வாங்கியிருக்காங்க. உங்களுக்கு நீலம் எடுக்காதே."

உண்மைதான். நீலம் எனக்கு எடுக்காது.

ஜூலை 2, ஷார்த்ர்

பெரினின் கழுத்தில் இரண்டு கட்டி வற்றிவிட்டது, உடைந்த புண் ஆறித் தழும்பாகிவிட்டது. வெயிலும் நல்ல சாப்பாடும் என்கிறார் உள்ளூர் வைத்தியர். அரசர் என்கிறாள் அக்கா, அவருக்காக ஒரு பூசையும் வைத்தாள். நான் இரண்டு பேச்சுக்கும் தலையாட்டுகிறேன்.

இன்று தோல் பதனிடும் தெருவிலிருந்து ஒருத்தி வந்தாள். அவள் புருஷனுக்குக் கண்டமாலை. அரசர் தொட்ட குழந்தையைப் பார்த்துவிட்டு, பெரினின் கழுத்தைத் தடவிவிட்டு, அக்காவிடம் கேட்டாள். அடுத்த மாதம் மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு அரசர் தொடுவாரா, புருஷனை நடத்தியே கூட்டிப் போகலாமா?

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன்.

"நடக்க வைக்காதீங்க. இந்த வருஷம் தொடமாட்டார். மாடிக்கு ஆள் வந்தாச்சு," என்றேன்.

எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. மருந்துக்கு எத்தனை நாள் என்று கேட்பதுபோல்தான் கேட்டாள்.

"போன தடவை நாலு வருஷம் ஆச்சு," என்றேன். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனாள்.