அத்தையின் விருப்ப ஓய்வு

ஜூன் 14, சனி

பேத்தோபிசியாலஜி, நோய் உண்டாகும் விதத்தைப் பற்றிய தாள், மூன்றாம் முறை. ஆகஸ்டில் பரீட்சை. மற்ற தாளெல்லாம் முடித்தாயிற்று. இது ஒன்று பாக்கி இருப்பதால் நான் இன்னும் நர்ஸ் இல்லை. கல்யாணமாகி இலஞ்சிக்கு வந்தும் கல்லூரிப் பிள்ளை மாதிரி புத்தகமும் கையுமாக அலைகிறேன்.

எது வரவில்லை என்று எனக்கே தெரிகிறது. அறிகுறிகளை ஒப்பித்துவிடுவேன். அது ஏன் வருகிறது, உடம்புக்குள் எது கெட்டு இப்படி ஆனது என்று கேட்டால் பேனா நின்றுவிடும்.

வெளியே சாரல். குற்றாலம் போகிற வேன்கள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

ஜூன் 17, செவ்வாய்

ஒரு வரி கூடப் படிக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

அத்தை விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறாராம்.

என் மாமியார் வடிவாம்பாள் டீச்சர் என்றால் தென்காசியில் பாதிப் பேருக்குக் கணக்குதான் ஞாபகம் வரும். நேற்று பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிட்டார். அடுத்த வரி வரவில்லை. சாக்பீஸைப் பிடித்தபடியே நின்றிருக்கிறார். கடைசியில் ஒரு பிள்ளை எழுந்து வந்து முடித்துவைத்ததாம். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தே தூங்கிவிடுகிறார் என்று முன்பே பேச்சு உண்டு. ஹெட்மாஸ்டர் தன்மையாகத்தான் சொல்லியிருக்கிறார், "உடம்பப் பாத்துக்கிடுங்க டீச்சர், இன்னும் அஞ்சு வருசம் எதுக்குக் கஷ்டப்படணும்" என்று.

சாப்பிடும்போது என் கணவர் கௌரிசங்கர், "அம்மா, நாலு பேரு சொல்லுததுக்கு முன்னால நாமளே வந்துரலாம்" என்றார். அத்தை தலையாட்டினார். ரசம் ஊற்றிய கரண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்பா போன பிறகுதான் அம்மா இப்படி ஆனாள் என்கிறார் இவர். மாமா போய் இரண்டு வருடமாகிறது. துக்கம் இப்படியும் இருக்குமா? இருக்கலாம்.

ஜூன் 25, புதன்

கடையநல்லூரிலிருந்து நஸீபா வந்திருந்தாள். கூடப் படித்தவள், அவளுக்கும் இதே தாள் பாக்கி. பாடத்தைப் பிரித்துக்கொண்டோம். அவளுக்குச் சர்க்கரை, எனக்குத் தைராய்டு. நான் வாய்விட்டுப் படித்தேன். சுரப்பு குறைந்தால் உடம்பு முழுக்க வேகம் குறையும். குளிர் தாங்காது. குரல் கம்மும். முகம் உப்பும். தோல் வறளும். தூக்கம், மறதி. புருவத்தின் வெளி ஓரத்தில் முடி உதிரும்.

நிறுத்திவிட்டேன்.

"ஏன்டி, என்னாச்சு?" என்றாள் நஸீபா.

அடுக்களை வாசலில் அத்தை ஸ்வெட்டரோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். புருவம் பாதியோடு நிற்கிறது. இத்தனை நாள் அதை அத்தையின் முகம் என்றே நினைத்திருந்தேன்.

ஜூன் 26, வியாழன்

இவரிடம் சொன்னேன். சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்? போன வருடம் இவருக்குக் கணையத்தில் வீக்கம் என்று அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். கடைசியில் பார்த்தால் பரோட்டாவும் சால்னாவும் செய்த வேலை. பக்கத்து வீட்டு மணிமுத்து அண்ணாச்சியின் கை நடுங்குகிறது என்று அவருக்கும் ஒரு நோய் வைத்தேன்.

"நீ ஒரு பாடம் படிச்சா வீட்டுல ஒருத்தருக்கு அந்த நோவு வந்துருது" என்றார்.

எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

அத்தையிடமே கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது, அதுவும் அப்படி.

"அத்தை, ஒரு ரத்தப் பரிசோதனை எடுப்போமா? இதுல போட்டிருக்க எல்லாமே உங்களுக்கு இருக்கு."

அத்தை மெதுவாக நிமிர்ந்தார். முதலில் என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார், பிறகு என்னை.

"ஒன் பரீட்சைக்கு நாந்தான் கெடச்சனாட்டி?"

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டார். நான் அப்படி நினைச்சா கேட்டேன்? இல்லை. இல்லவே இல்லை. ஆனா அந்தச் சவத்துப் புஸ்தகத்தை ஏன் கையில தூக்கிட்டுப் போனேன்? நாளைக்கு எப்படி அவங்க மூஞ்சியில முழிக்க?

ஜூலை 2, புதன்

விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. இன்னும் மூன்று மாதம் வேலைக்குப் போவார். அதன் பிறகு வீடுதான்.

ஜூலை 5, சனி

சாரலில் துணி காய மாட்டேன் என்கிறது. பின்கட்டில் அத்தை சேலையைப் பிழியப் பார்த்தார், கையில் வலு இல்லை. மறுமுனையை நான் பிடித்து முறுக்கினேன். இரண்டு சேலை முடிந்தது.

மூன்றாவதில் சொன்னார்: "ஒம் மேல கோவம் இல்ல உமா. எனக்குப் பயம்."

நான் சேலையை விடவில்லை.

"எங்கம்மைக்குக் கடைசில ஆளே தெரியல. என்னையவே யாருன்னு கேட்டா. அவளுக்கும் இப்படித்தான் தொடங்குச்சு. பேச்சு நின்னு நின்னு வரும். அடுப்புல வச்சத மறந்துருவா. டாக்டர்ட்ட போனா எனக்கும் அதத்தான் சொல்லுவாரு. வேலைய விட்டுட்டு வீட்டோட கெடந்தா ஒருத்தருக்கும் தெரியாதுல்லா."

இதைத் தனியாகவே வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறார். நாங்கள் துக்கம் என்றோம். வயசு என்றோம். இவர் ஒருநாள் சோம்பல் என்று கூடச் சொன்னார்.

"நான் நெனைக்கது தப்பாவும் இருக்கலாம் அத்தை. சரியா இருந்தா, இது மாத்திரைல சரியாவுற சீக்கு."

"தப்பா இருந்தா?"

சேலையின் என் முனையை இன்னொரு சுற்று முறுக்கினேன்.

"தப்பா இருந்தாலும் நான் கூட இருப்பேன்லா."

அத்தை சேலையை உதறிக் கொடியில் போட்டார். ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். "திங்கக்கெழம போவோம். அவன்ட்ட இப்ப சொல்லாத" என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

நேற்று ரத்தம் கொடுத்தோம், இன்று முடிவு. தென்காசியில் டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு அத்தையை மண்டி போடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் அசைந்து, சோம்பலாகத் திரும்பியது. தைராய்டு குறைந்தால் இப்படித்தான் திரும்பும் என்று புத்தகப் படத்தில் பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்ததில்லை.

"தைராய்டு சுத்தமா வேலை செய்யலம்மா. இத்தன நாள் எப்படி ஸ்கூலுக்குப் போய்ட்டு வந்தீங்க?"

அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கணக்கு திரும்ப வருமா?"

"இந்த மறதி இதனாலதான்னு நெனைக்கேன். வரும். மெதுவா வரும்."

திரும்பும் பஸ்ஸில் அருவிக்குப் போகிற கூட்டம், தோளில் துண்டும் கையில் எண்ணெய்ப் பாட்டிலுமாக. அந்த நெரிசலில் அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். யாரும் கவனிக்கவில்லை. நான் கையைப் பிடித்துக்கொண்டேன், குளிர்ந்து கிடந்தது.

சாயங்காலம் இவரிடம் சொன்னோம். சட்டையைக் கூடக் கழற்றாமல் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். "நாந்தான வேலைய விடச் சொன்னேன்" என்றார். அத்தை அவர் முதுகைத் தடவினார்.

ஜூலை 21, திங்கள்

மாத்திரை வெறும் வயிற்றில் போட வேண்டும். அதன் பிறகு ஒரு மணி நேரம் காப்பி கூடாது. வீட்டில் தினமும் இதற்கு ஒரு சண்டை. "காப்பி இல்லாம ஒரு மனுசி அவ்வளவு நேரம் என்னத்தட்டி செய்வா?" என்கிறார்.

மாற்றம் ஒன்றும் காணோம். நேற்று என்னை ஜோதி என்று கூப்பிட்டார். ஜோதிலட்சுமி அவர் தங்கை. நான் சிரித்துச் சமாளித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

வராமலே போய்விட்டால்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அத்தை ஸ்வெட்டரைத் துவைத்து மடித்து பீரோவில் வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பரீட்சை முடிந்தது. தைராய்டு வரவே இல்லை. நஸீபா வெளியே வந்ததும் அதைச் சொல்லித்தான் சிரித்தாள். பெரிய கேள்வி ஷாக் பற்றி. ரத்த அழுத்தம் விழுகிறது, உடம்பு எப்படியாவது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, கைகால்களுக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்து மூளைக்கு அனுப்புகிறது. கட்டிலில் ஒரு ஆள் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதினேன். பேனா நிற்கவில்லை. எழுதியது சரியா தெரியாது.

செப்டம்பர் 12, வெள்ளி

இரண்டாவது பரிசோதனை நன்றாக இருக்கிறது. அத்தை பள்ளிக்கூடத்துக்குப் போய் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை.

பத்தாம் வகுப்பைத் தரவில்லையாம். எட்டாம் வகுப்புதான். முகம் சுருங்கித்தான் வந்தார். காப்பி குடித்துவிட்டு, "எட்டுல ஒழுங்காப் படிக்காமத்தான் அதுக பத்துல வந்து முழிக்குது" என்றார்.

எல்லாம் திரும்பிவிடவில்லை. இன்னும் பெயர்கள் நழுவுகின்றன. காலையில் பத்தாம் வகுப்புக் கணக்குகளைத் தனக்காகப் போட்டுப் பார்க்கிறார். ஒன்று தப்பாக வந்தது. அடித்துவிட்டு மறுபடி போட்டார். நான் வெங்காயம் உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஃபேனப் போடு" என்றார்.

நவம்பர் 6, வியாழன்

ராத்திரியெல்லாம் மழை. அருவியில் குளிக்கத் தடை போட்டிருக்கிறார்கள், தெரு வெறிச்சென்று கிடக்கிறது. பதினோரு மணிபோல நஸீபா போன் செய்து, "ரிசல்ட் வந்துட்டுடி, நான் பாஸ், நீ பாரு" என்றாள். பதிவு நம்பரைத் தப்பாகப் போட்டு, மறுபடி போட்டுப் பார்த்தேன்.

இவருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. அத்தைக்கு அடித்தேன். ரொம்ப நேரம் போய், எடுத்து, கிசுகிசுவென்று, "கிளாஸ்ல இருக்கேன்ட்டி. பொறவு பேசுதேன், வை" என்றார். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். போனை வைப்பதற்குள், "ஏலே, அங்கன என்ன பேச்சு? ஒங்கணக்கு முடிஞ்சிட்டா?" என்று அதட்டுகிற குரல். கம்மாத, கணீரென்ற குரல்.

சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம்.

பாஸ்.