அவருக்குத் தெரிகிற ஜன்னல்

மார்ச் 4
ஸ்டூடியோவில் நாள் முழுக்கப் பாஸ்போர்ட் படங்கள். வீட்டுக்கு வந்தால் இவர் சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். இன்று ஒட்டிய டைல்ஸ் வரிசை கோணலாம், வேலை நடக்கிற வீட்டின் சொந்தக்காரர் பெயர்த்து எடுக்கச் சொல்லிவிட்டாராம். இருபது வருஷத்தில் இவர் கையில் கோணலா?
“எனக்கு நேராத்தான்டி தெரிஞ்சுது.”

மார்ச் 9
கண் டாக்டர். வலது விழித்திரையின் நடுவில் நீர் கசிகிறது. இடது கண் நன்றாக இருக்கிறதாம். “ஊசி போட்டு மேல கெடாம பாக்கலாம்மா. போனது திரும்புமான்னு மட்டும் கேக்காதீங்க.” அதைத்தான் கேட்கப் போயிருந்தேன்.

மார்ச் 11
“எப்படித்தாங்க தெரியுது?”
“சொன்னா புரியாது.”
ஹால் ஜன்னலைப் படமெடுத்து லேப்டாப்பில் போட்டேன். அலை ஃபில்டர் கொடுத்தேன். அவர் வலது கண்ணால் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அதைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் திரையைப் பார்த்தார்.
“இவ்ளோ நெளியல. நடுவுல மட்டும் யாரோ முறுக்கி இழுத்த மாதிரி.”
அலையை எடுத்தேன். நடுவில் சுழல், மேலே கொஞ்சம் மங்கல்.
“நிறுத்து. இதேதான்.”
கம்பியெல்லாம் நனைந்த நூல் மாதிரி. இடது கண்ணை மூடி, இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா இத்தனை நாள் மட்டம் பார்த்தார்?

மார்ச் 20
முதல் ஊசி. என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

ஏப்ரல் 2
அவர் பார்வையின் நடுவில் சாம்பல் கறை வந்திருக்கிறது. படத்திலும் வைத்தேன். “இன்னும் பெருசு” என்றார். பெரிதாக்கினேன். கெடுக்க மட்டும் எனக்கு எவ்வளவு நன்றாக வருகிறது! ஒரு பட்டனைத் தட்டினால் என் கம்பிகள் நிமிர்ந்துவிடும். அவருக்கு? நான் என்னத்த பண்ணுவேன், எதைத் தட்டுவேன்?

ஏப்ரல் 10
ஸ்டூடியோவில் அந்தப் படத்தை முதலாளி பார்த்துவிட்டார். “அட, மாடர்ன் ஆர்ட்! பல் டாக்டர் கிளினிக்குக்கு இந்த மாதிரிதான் கேட்டாங்க. பெருசா அடிச்சுடும்மா.”
முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். “சரி சார்” என்று வந்தது. என்ன ஜென்மம் நான்.
இவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால் சிரிக்கிறார். “பல்லைப் புடுங்க வந்தவன் என் கண்ணைப் பாத்துட்டு உக்காந்திருப்பானா? உருப்பட்ட மாதிரிதான்.”
நானும் சிரித்தேன். பாதியில் நின்றுவிட்டது.

ஏப்ரல் 17
இரண்டாவது ஊசி. மாற்றமில்லை.

மே 6
இன்று அவரே கேட்டார்: “வாசக் கதவை வச்சு ஒண்ணு பண்ணேன்.” படமெடுத்துத் திரையில் திறந்தேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. துடைத்துவிட்டு வந்தால், வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.
“பரவால்லயே, நான் சொல்லாமயே பண்ணிட்ட. நிலைச்சட்டம் வளையுது பாரு, அச்சு அசல்.”
“பழகிடுச்சுங்க” என்றேன்.
அந்தப் படத்தில் நான் இன்னும் கையே வைக்கவில்லை.